பச்சையம்மாள் வீட்டு வாசக்கால்

அடி அண்ணாமலையில் பச்சையம்மாள் கட்டுகிற வீட்டுக்கு வாசக்கால் செய்வது ஒரு பொம்பளை என்ற செய்தி, சுவர் இடுப்பு உயரம் எழும்பும் முன்பே ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. கிரிவலம் வருகிறவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அது கொஞ்சம் ஜாஸ்தி. கிரிவலம் வருகிறவர்களுக்குத் தங்கள் கால்வலியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். அதுவே தாராளம்.

அந்தப் பொம்பளையின் பெயர் உண்ணாமலை. கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலை போடுகிற குடும்பம், அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் கம்ப்யூட்டர் படிக்கலாம் என்று போனவளிடம், அங்கே இடம் நிரம்பிவிட்டது, மரவேலைப் பிரிவில் இருக்கிறது, உதவித்தொகையும் கிடைக்கும், யோசித்துச் சொல் என்றார்கள். யோசிக்கவெல்லாம் இல்லை, சேர்ந்துவிட்டாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ஒரு வாரம் தாங்குவாளா என்று பையன்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். அவள் தாங்கினாள். தாங்கியது மட்டுமில்லை, அந்த வேலை அவளுக்குப் பிடித்துப் போனது. மரம் கேலி பேசாது. அளவு தப்பினால் மட்டும் காட்டிக் கொடுக்கும், அதுவும் எல்லாரையும் ஒரே மாதிரி காட்டிக் கொடுக்கும். அது அவளுக்கு நியாயமாகப் பட்டது.

படித்து முடித்த பிறகுதான் கூத்து. வேலை கேட்டுப் போன இன்டீரியர் கடைகளில் எல்லாம், உனக்கு எதுக்கும்மா ரம்பமும் உளியும், ஏசி ரூமில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு மைக்கா சாம்பிள் காட்டு என்று நாற்காலியைக் காட்டினார்கள். அவளைவிட மார்க் கம்மியாக வாங்கிய வகுப்புத் தோழன் அன்பரசனுக்கு அதே கடைகளில் கேட்காமலே மிஷினைக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் மைக்கா காட்டி அலுத்துப் போய், கடைசியில் அவளும் அன்பரசனும் சேர்ந்து அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை பிடித்துப் பட்டறை போட்டார்கள். போர்டில் 'அன்பு உட் ஒர்க்ஸ்' என்று எழுதினார்கள். அவள் பெயரையும் போட்டால் ஆர்டர் வராது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளக்கூட இல்லை.

பட்டறை நன்றாகவே ஓடியது. லாட்ஜ்களுக்குக் கட்டில், வீடுகளுக்கு அலமாரி, சமையலறைக்குப் பெட்டி அடிக்கிற வேலை. அன்பரசன் வாடிக்கையாளரிடம் பேசுவான், மாட்டுகிற இடத்தில் போய் நிற்பான். கைநுணுக்கமான வேலை எல்லாம் உண்ணாமலை பார்ப்பாள். பாராட்டு அன்பரசனுக்குப் போகும். அவன் கெட்டவன் இல்லை. அந்தப் பாராட்டில் பாதியைச் சாயங்கால டீயோடு அவளிடம் கொண்டுவந்து கொடுப்பான்.

ஆனால் அவள் பெயரில் ஒரு வாசல் நிலை வைக்க வேண்டும் என்பதுதான் அவள் உள்ளுக்குள் வைத்திருந்த ஆசை. ஆயிரம் அலமாரி செய்தாலும் அந்தப் பக்கத்தில் ஒருவனைத் தச்சன் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு வீட்டுத் தலைவாசலுக்கு அவன் செய்த நிலையை நிறுத்த வேண்டும். அந்த வீட்டில் கல்யாணமும் பிள்ளைப்பேறும் சரியாக நடந்தால், யார் கை என்று விசாரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரன் வருவான். பொம்பளைக்கு யாரும் அதைக் கொடுத்ததில்லை. கேட்கவே வாய் வராது.

பச்சையம்மாள் கேட்காமலே கொடுத்தாள். கட்டில் சொல்ல வந்தவள், உண்ணாமலை உளி பிடித்து மரத்தில் துளை போடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். புருஷன் போன பிறகு நெல்லும் மல்லாட்டையும் பாலுமாக விற்று, மகன் முருகவேலுக்கு வேன் வாங்கிக் கொடுத்து, இப்போது வீடும் கட்டுகிறவள். வீட்டு நிலையை நீயே செய்து கொடு என்று எழுந்து போகும்போது சொன்னாள். முருகவேலுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. பச்சையம்மாள் அவன் வாயை ஒரே பேச்சில் அடைத்தாள்.

"உன்னப் பெத்தவ பொம்பள. இந்த வூட்டுக்குக் காசு சேத்தவ பொம்பள. நெலைய மட்டும் ஒரு பொம்பள செஞ்சா இன்னா ஆயிடும்?"

இது ஐ.டி.ஐ. வரைக்கும் எட்டியது. அங்கே சேர்க்கை பார்க்கிற ஆசிரியை அருணாதேவி, உண்ணாமலை இழைப்புளியோடு நிற்கிற படத்தைப் பெரிய பிளெக்ஸாக அடித்து வாசலில் கட்டினார். அந்த வருடம் மரவேலைப் பிரிவில் நாலைந்து பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் அடி அண்ணாமலைக்காரி கவிநிலாவும் ஒருத்தி. கோயில் பக்கம் பூ விற்கிற சரசுவின் மகள். உண்ணாமலை அக்கா பச்சையம்மாள் வீட்டுக்கே நிலை செய்கிறாள், நானும் செய்வேன் என்று அம்மாவிடம் மல்லுக்கு நின்று சேர்ந்த பெண்.

உண்ணாமலை தானே மரவாடிக்குப் போய் வேங்கை மரம் பார்த்து வாங்கினாள். நிலைக்கு நிற்கிற கால் இரண்டு. மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படியே கால்களும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. மாற்றி நிறுத்தினால் வீடு தலைகீழாகப் போகும் என்பது பேச்சு. அறுத்துச் சதுரமாக்கின மரத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று நாம் சொல்லலாம். சொல்வதற்கென்ன, அந்த வீட்டில் நாமா குடியிருக்கப் போகிறோம்? அதனால் மரவாடியிலேயே, அடிமரம் எது என்று கண்ணால் பார்த்த கையோடு, இரண்டு காலின் வெட்டுமுகத்திலும் 'அடி' என்று சாயப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாள்.

நிலை வைக்கிற முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அருணாதேவி கூப்பிட்டார். புதுப் பிள்ளைகளிடம் வந்து கொஞ்சம் பேசிவிட்டுப் போ, பாதிப் பேருக்குப் பயம் தெளியவில்லை என்றார். உண்ணாமலை போனாள். ரம்பத்துக்குப் பயப்படாதீர்கள், அளவுக்குப் பயப்படுங்கள் என்று பேசினாள். கவிநிலா முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அந்த நேரத்தில் பட்டறையில் அன்பரசன் ஒரு உதவி செய்தான். உண்ணாமலைக்கு வேலைப்பளு குறையட்டுமே என்று, கால்கள் இரண்டின் முனைகளையும் சதுரமாகத் தறித்து, நாலு பக்கமும் மிஷினில் இழைத்து, பளபளவென்று சாய்த்து வைத்தான். தறித்த துண்டுகளை டீக்கடைக்காரர் அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். துண்டுகளோடு 'அடி'யும் போயிற்று.

திரும்பி வந்தவள் முதலில் வெட்டுமுகங்களைத்தான் பார்த்தாள், எழுத்து இல்லை. ஒரு காலில் சின்னக் கணு ஒன்று இருந்தது. கிளை சாய்ந்த வாட்டத்தை வைத்து மேல் எது கீழ் எது என்று சொல்லிவிடலாம். இன்னொரு காலில் கணுவே இல்லை. சுத்தமான மரம். சுத்தமான மரம்தான் வேண்டும் என்று அவளே பொறுக்கி எடுத்தது.

அன்பரசனுக்கு முகம் செத்துப் போயிற்று. கிடந்தபடியே சாய்த்து வைத்ததாகத்தான் ஞாபகம் என்றான். அப்புறம், இல்லை, மிஷினில் விடும்போது ஒருதரம் திருப்பினேனோ என்றான். வேறு மரம் வாங்கலாம் என்றால் மரவாடியில் அந்தக் கனத்துக்கு வேங்கை இல்லை. முகூர்த்தம் தள்ளினால், பொம்பளையிடம் கொடுத்தாயே, பார்த்தாயா என்று முருகவேலே முதல் ஆளாகச் சொல்வான். உண்ணாமலை அந்தக் காலைத் தடவிப் பார்த்தாள், ரேகையைப் பார்த்தாள், தூக்கி எந்த முனை கனக்கிறது என்று பார்த்தாள். கடைசியில் ஒரு முனையைக் கீழே என்று முடிவு செய்தாள். அது கணிப்பா குருட்டு நம்பிக்கையா என்று அவளுக்கே தெரியாது. தெரியவில்லை என்பதைப் பச்சையம்மாளிடம் அவள் சொல்லவில்லை.

நிலை வைத்தது நல்லபடியாகத்தான் நடந்தது. முருகவேலும் அவன் பெண்டாட்டி தமிழ்செல்வியும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலை கட்டினார்கள். நவதானிய முடிச்சை மேலே கட்டினார்கள். நிலை வைக்கிறவருக்கு வேட்டி துண்டு கொடுப்பது வழக்கம். பச்சையம்மாள் தட்டில் அரக்குச் சேலை வைத்துக் கொடுத்தாள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, நல்ல சிரிப்புத்தான். உண்ணாமலை சேலையை வாங்கிக்கொண்டபோது அவள் கண் நிலையின் இடது காலிலேயே, அந்தக் கணு இல்லாத காலிலேயே இருந்தது. வாழ்நாளில் அவள் ஆசைப்பட்ட ஒரே நாள் அது. அந்த நாளை அவளால் சந்தோஷமாக அனுபவிக்க முடியவில்லை.

அதன் பிறகு வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து, எங்களுக்கும் நிலை செய்வாயா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். தைக்குப் பிறகு சொல்கிறோம் என்றார்கள்.

தைக்கு முன்பே, பால் காய்ச்சிக் குடியேறிய இரண்டாவது மாதத்தில், முருகவேலின் வேன் வேலூர் ரோட்டில் ஒரு லாரியின் பின்னால் போய் மோதியது. உயிர் தப்பியது. வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது. இனி வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

எதிரில் வந்த வண்டியின் லைட் கண்ணைக் கூச வைத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. லாரி சிக்னல் போடாமல் நின்றதைப் பற்றியும் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் ஆப்பிளைக் கட்டிலடியில் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்கள். பொம்பளை கை பட்ட நிலை, அது வீட்டு ஆம்பளையைத்தானே அடிக்கும்? தீட்டோடு இருந்தாளோ என்னவோ, யார் கண்டது? இப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் நிலை வைத்த அன்று வடை பாயசம் சாப்பிட்டவர்கள். நாக்குக்கு ருசி தெரியும், நன்றி தெரியாது போலிருக்கிறது.

சரசு ஐ.டி.ஐ.க்கே வந்துவிட்டாள். என் மகளையும் நாளைக்கு இப்படித்தான் ஊர் பேசும், அவளை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள் என்றாள். கொஞ்ச நாள் பொறுங்கள் என்று அருணாதேவி அவளைத் திருப்பி அனுப்பினார். ஆனால் மற்ற பிள்ளைகளின் வீடுகளிலிருந்தும் போன் வர ஆரம்பித்திருந்தது. அருணாதேவி இதை உண்ணாமலையிடம் சொன்னபோது குற்றம் சொல்லவில்லை. என்ன செய்வது என்று உன்னையே கேட்கிறேன் என்றுதான் சொன்னார்.

உண்ணாமலைக்கு ராத்தூக்கம் போயிற்று. ஒரு மரக்கால் வேலூர் ரோடு வரைக்கும் நடந்து போய் வேனை இடித்தது என்று நம்பும் அளவுக்கு அவள் பைத்தியம் இல்லை. ஆனாலும் அந்த இடது கால் அவள் நெஞ்சில் குறுக்கே கிடந்தது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். பொம்பளை என்பதால் வந்த வினை என்று ஊர் சொன்னால் அதற்குப் பரிகாரம் கிடையாது. கவிநிலாவும் பொம்பளை, வருகிற பிள்ளைகள் எல்லாம் பொம்பளை. வேலையில் வந்த தவறு என்றால், காலைப் பிடுங்கி வேறு வைத்தால் தீர்ந்தது. பழி தன் வேலையோடு நிற்கும். தன்னோடே போகும்.

அவள் இதைச் சொன்னபோது அன்பரசன் மிஷினை நிறுத்திவிட்டு வந்தான்.

"வாயத் தொறக்காத. அது நேராவே நிக்குதோ என்னமோ. யாருக்குத் தெரியும்? வேலையில கொற இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. ஊரு நாலு நாள் பேசும், அப்பறம் மறந்துடும்."

"யாருக்கும் தெரியாதுன்றதுதான் அன்பு என்னக் கொல்லுது."

நான்தானே தறித்தேன் என்ற வார்த்தை அவன் தொண்டை வரைக்கும் வந்தது போல இருந்தது. வந்த வழியே திரும்பிவிட்டது.

அந்த வாரமே பச்சையம்மாள் ஆட்டோவில் பட்டறைக்கு வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பிளைவுட் அடுக்கின் மேல் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். மகனைப் பற்றிக் கேட்டதற்கு, கிடக்கிறான் என்று மட்டும் சொன்னாள். அன்பரசன் மிஷின் பக்கம் நின்றிருந்தான்.

"ஊரு ஆயிரம் சொல்லுது பாப்பா. ஐயரு நெலைய எடுத்துடுன்றாரு. மருமவ என் மொகத்த பாக்க மாட்டேன்றா. உங்கிட்ட குடுத்தவ நான். நான் இன்னா பதில் சொல்லட்டும்? நீ சொல்லு. உன் வேலையில எதனா கொற இருக்குதா?"

இல்லை பெரிம்மா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? உண்ணாமலை அந்தக் கிழவியின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"பொம்பள செஞ்சதால ஒண்ணும் ஆவல பெரிம்மா. அத நம்பாதீங்க. ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சி. எடது பக்கத்துக் காலு, அடி எது நுனி எதுன்னு போட்ட அடையாளம் அழிஞ்சிபோச்சி. இதுதான் அடின்னு குத்துமதிப்பா வெச்சிட்டேன். தலகீழாக்கூட இருக்கலாம். உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க. என் செலவுலயே வேற செஞ்சி வெக்கிறேன்."

அடையாளம் எப்படி அழிந்தது என்று அவள் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நாலு அடி தள்ளி நிற்கிறான், அவன் வாயால் வரட்டும் என்று விட்டாள். அன்பரசன் இழைப்பு மிஷினின் மேல் படிந்திருந்த தூளைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தான். தூள் எல்லாம் போன பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தான்.

பச்சையம்மாள் கோபப்படுவாள் என்று உண்ணாமலை எதிர்பார்த்திருந்தாள். அழுவாள் என்றும் எதிர்பார்த்திருந்தாள். கிழவி இரண்டும் செய்யவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"ஒரு ஆம்பள செஞ்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்குமா? ஊரு சொன்னது சரியாத்தான் இருக்குது. நான்தான் கேக்கல."

எழுந்தாள். அன்பரசன் பக்கம் திரும்பினாள்.

"வேற நெலைய நீயே செஞ்சி குடுப்பா. மரத்தயும் நீயே பாத்து வாங்கு. உன் கையாலயே வெச்சிடு."

அன்பரசன் ஒருமுறை உண்ணாமலையைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும், அவள் பிழைத்துக்கொள்வாள். கவிநிலா பிழைத்துக்கொள்வாள்.

"சரிங்கம்மா," என்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் தண்ணீர் இறங்குவது போல இறங்கியது. தைக்குப் பிறகு சொல்கிறோம் என்றவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. கவிநிலாவும் மற்ற பிள்ளைகளும் தையல் பிரிவுக்கு மாறினார்கள். கவிநிலா மட்டும் ஒருநாள் போன் பண்ணி, அக்கா, நீங்க எதுக்கு அதச் சொன்னீங்க என்று கேட்டாள். உங்களுக்காகத்தான் சொன்னேன் என்று அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? பிளெக்ஸை மழை வருவதற்கு முன்னால் கழற்றிவிட்டதாக அருணாதேவி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

உண்ணாமலை பட்டறையை விட்டுப் போகவில்லை. போய் எங்கே நிற்பது, மறுபடி மைக்கா காட்டவா? அன்பரசனோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். அவன் சாயங்கால டீயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான்.

புது முகூர்த்தம் நெருங்கியபோது ஒருநாள் காலையில் அவன் வந்து நின்றான். தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"மரவாடிக்கு நீயும் வாயேன். எனக்கு அடி எது நுனி எதுன்னு அவ்ளோவா புடிபடாது. நீ பாத்து எடுத்து, நீயே செஞ்சி குடுத்துடு. வெக்கிறதுக்கு மட்டும் நான் போறேன். பாதி உனக்குத்தான்."

அவனை அங்கேயே உளியால் அடித்திருக்கலாம். நானாக இருந்தால் அடித்திருப்பேன். ஆனால் அந்த வீட்டில் காலொடிந்த ஒருவன் கட்டிலில் கிடக்கிறான், அவன் அம்மா ராத்திரியும் பகலும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் தடவையாவது அது சரியாக நிற்க வேண்டும். அன்பரசன் கையில் விட்டால் நிற்காது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஊருக்கு மட்டும் தெரியாது.

போனாள். மரவாடியில் வேங்கைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். இந்த முறை கணு உள்ள மரமாகவே எடுத்தாள். அன்பரசன் வண்டிக்குச் சொல்ல வெளியே போயிருந்தான். மரவாடிக்காரருக்கு அவளைத் தெரியும். நிலைக்கா என்று கேட்டார், ஆமாம் என்றாள். யார் வைப்பது என்று கேட்டார்.

உண்ணாமலை மரத்தின் மேலிருந்து கையை எடுத்தாள்.

"அன்பரசன் வெக்கிறாருங்க," என்றாள்.